துக்க வீட்டில் கணக்குக் கேட்கலாமா? கார்ட்டர் மறைவுக்குப் பிறகு நடந்த ஒரு விவாதம்: நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டாவுக்கு வெளியே இருக்கும் ஒரு பொது நூலகத்தில் மாதம் இரண்டு முறை கூடும் நாட்டுநடப்பு விவாதக் குழு ஒன்று உண்டு. பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள், இடையிடையே ஒன்றிரண்டு கல்லூரி மாணவர்கள். 2018 முதல் நான் அதற்கு நெறியாளர். சம்பளம் கிடையாது. நாற்காலி போடுவது, காபி வைப்பது, பேச்சு சூடேறினால் கையைத் தூக்குவது, அவ்வளவுதான் வேலை.

ஜிம்மி கார்ட்டர் 2024 டிசம்பர் 29 அன்று, தன் 100ஆவது வயதில், பிளெய்ன்ஸ் என்ற தன் சிற்றூரில் காலமானார். 1977 முதல் 1981 வரை அமெரிக்க அதிபராக இருந்தவர். ஒரே ஒரு தவணைதான். 1980 தேர்தலில் ரீகன் 489 தேர்வாளர் வாக்குகள் பெற, இவருக்கு 49தான் கிடைத்தன. ஆனால் அதற்குப் பிறகு 40 வருடத்துக்கும் மேல் வாழ்ந்து, ஏழைகளுக்கு வீடு கட்டினார், உலகெங்கும் தேர்தல்களைக் கண்காணித்தார், 2002இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றார். நம் ஊரில் நரம்புச் சிலந்தி என்பார்களே, அந்தப் புழு நோயை ஏறக்குறைய ஒழித்ததில் இவருடைய அமைப்புக்குப் பெரும் பங்கு உண்டு. 1986இல் ஆண்டுக்கு 35 லட்சம் பேருக்கு இருந்த நோய் அது. 2023இல் 14 பேருக்குத்தான் வந்தது.

ஜார்ஜியாக்காரர்களுக்கு இவர் அடுத்த தெருவில் இருந்த மனிதர் மாதிரி. அதனால் அவரைப் பற்றிய அமர்வு எளிதாகப் போகும் என்று நினைத்தேன். 2018இல் மூத்த புஷ் இறந்தபோது நடத்திய அமர்வு அப்படித்தான் போனது. ஆளுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுக் கலைந்தோம்.

கலந்துகொண்டவர்களை அடையாளம் தெரியாத அளவுக்கே இங்கே குறிப்பிடுகிறேன்.

முதல் அமர்வு: 2025 ஜனவரி 2, வியாழன் மாலை

வெள்ளைப் பலகையில் ஒரே கேள்வி எழுதினேன்: "கார்ட்டர் எப்படிப்பட்ட அதிபர்?" ஒன்றரை மணி நேரம் ஒதுக்கியிருந்தது.

தொடக்கமாக நானே ஒரு கதை சொன்னேன். கார்ட்டரின் தாய் லில்லியன் 68 வயதில் பீஸ் கோர்ப்ஸ் என்ற அமெரிக்கத் தன்னார்வத் தொண்டு அமைப்பில் சேர்ந்து, பம்பாய்க்குப் பக்கத்தில் விக்ரோலியில் நர்ஸாக வேலை செய்தவர். 1978 ஜனவரியில் இந்தியா வந்த கார்ட்டர் ஹரியானாவில் ஒரு கிராமத்துக்குப் போனார். அந்தக் கிராமம் பிறகு கார்ட்டர்புரி என்று பெயர் மாற்றிக்கொண்டது. எல்லோரும் ரசித்துக் கேட்டார்கள். இது நான் செய்த முதல் தவறு என்று அப்போது தெரியவில்லை.

அடுத்துப் பேசியவர் எழுபது வயதைக் கடந்த ஒரு பெண்மணி. பிளெய்ன்ஸ் தேவாலயத்தில் கார்ட்டர் நடத்திய ஞாயிறு வகுப்புக்கு இரண்டு முறை போனவர். படத்தைக் காட்டினார், பேச்சு பாதியில் நின்றது, கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் முடிப்பதற்குள், மேசையின் மறுமுனையில் இருந்த ஓய்வு பெற்ற கணக்கர் சொன்னார்: "நல்ல மனிதர், மறுக்கவில்லை. ஆனால் அவர் காலத்தில் நான் 18 சதவீத வட்டிக்கு வீட்டுக் கடன் வாங்கினேன். என் கல்யாண வாழ்க்கையின் முதல் பத்து வருஷம் அதிலேயே போச்சு."

"இன்னும் அடக்கம்கூட ஆகவில்லை" என்றார் அந்தப் பெண்மணி.

அதோடு அமர்வு கைநழுவியது. முன்னாள் லாரி ஓட்டுநர் ஒருவர், லாரித் தொழில் மீதான அரசுக் கட்டுப்பாட்டைத் தளர்த்திய 1980 சட்டத்தால் தன் சம்பளம் போனதைச் சொன்னார். வியட்நாமில் போரிட்ட ஒருவர், படையில் சேராமல் தப்பியவர்களுக்குக் கார்ட்டர் பதவியேற்ற மறுநாளே, 1977 ஜனவரி 21 அன்று, பொதுமன்னிப்பு கொடுத்ததை எடுத்தார். இன்னொருவர், கார்ட்டர் பனாமா நாட்டிடம் ஒப்படைக்கச் சம்மதித்த பனாமா கால்வாய்க்குத் தாவினார். அந்த வாரங்களில் டிரம்ப் அதைத் திரும்பப் பெறுவது பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

அப்போது 19 வயது மாணவர் ஒருவர், நியாயமான கேள்வி ஒன்றைக் கேட்டார்: "ஈரானில் அமெரிக்கத் தூதரகத்தில் பிணைக்கைதிகளாகப் பிடிபட்ட 52 பேரும் உயிரோடு திரும்பினார்களே. அப்புறம் அதை ஏன் தோல்வி என்கிறார்கள்?"

அதுவரை பேசாமல் இருந்த ஒரு பெண், தெஹ்ரானில் பிறந்து 1979இல் பன்னிரண்டு வயதில் குடும்பத்தோடு வெளியேறியவர், "உங்கள் கணக்கில் அந்த 52 பேர்தான் வருகிறார்களா?" என்றார். வேறொருவர் உடனே, "மீட்கப் போன இடத்தில் இறந்த எட்டு வீரர்களையும் சேர்க்க வேண்டும்" என்றார். அந்தப் பெண் கேட்டது அதை அல்ல. அதற்குப் பிறகு அவர் வாய் திறக்கவில்லை.

ஐம்பதாவது நிமிடத்தில் அமர்வை முடித்தேன். காபி மிச்சமாகிவிட்டது.

கவனித்தவை

வீட்டுக்கு வந்து குறிப்புகளைப் படித்தபோது முதலில் கண்ணில் பட்டது ஒரு சொற்றொடர்: "நல்ல மனிதர், மோசமான அதிபர்." ஐந்து பேர் ஐந்து விதமாக இதையே சொல்லியிருந்தார்கள். ஆதரிப்பவர்களும் சொன்னார்கள், எதிர்ப்பவர்களும் சொன்னார்கள். இரண்டு தரப்பும் ஒத்துக்கொள்கிற வாக்கியம் என்பதால் அதற்கு மேல் யாரும் யோசிக்கவில்லை. எனக்கு இந்தச் சொற்றொடர் பிடிக்காது. பதவிக்குப் பிறகு செய்த நற்பணியை வைத்து நாலு வருட ஆட்சியை மொத்தமாகப் பொட்டலம் கட்டி ஓரமாக வைத்துவிடுகிறது அது. தோல்விகளோடு, எகிப்தையும் இஸ்ரேலையும் சமாதானப்படுத்திய கேம்ப் டேவிட் உடன்பாடும், அலாஸ்காவில் 10 கோடி ஏக்கருக்கு மேல் நிலத்தைக் காத்த சட்டமும் அதே பொட்டலத்தில் போய்விடுகின்றன.

இரண்டாவது, ஒவ்வொருவரும் வேறு வேறு வருடத்தில் நின்றுகொண்டு பேசினார்கள். தேவாலயத்துப் பெண்மணிக்குக் கார்ட்டர் 1981இல் தொடங்குகிறார். கணக்கருக்கு 1981இல் முடிந்துவிடுகிறார். மாணவருக்கு அவர் நோபல் பரிசு பெற்ற ஒரு தாத்தா. அவர்கள் வாதிட்டது ஒரே ஆளைப் பற்றியே அல்ல.

மூன்றாவது, துக்கம் விசாரிக்க வந்தவரையும் கணக்குப் பார்க்க வந்தவரையும் ஒரே மேசையில், ஒரே மணி நேரத்தில் உட்கார வைத்திருந்தேன். அதிலும் கார்ட்டர்புரிக் கதையைச் சொல்லித் துக்க வீட்டுப் பக்கமாகச் சாய்த்துவிட்டு, மற்றவர்களைப் பேசச் சொல்லியிருந்தேன். கணக்கர் முறைத்துக்கொண்டு பேசியதில் ஆச்சரியமில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

ஜனவரி 11 சனிக்கிழமை மறுபடி கூடுவது என்று முடிவு செய்தேன். 9ஆம் தேதி வாஷிங்டன் தேசியப் பேராலயத்தில் இறுதிச் சடங்கு. அது முடியட்டும் என்பதுதான் காரணம்.

முதல் 20 நிமிடம் நினைவுகூரல் மட்டும். யாரும் மறுத்துப் பேசக் கூடாது. அதற்குப் பிறகு "எப்படிப்பட்ட அதிபர்" என்ற கேள்வியே கிடையாது. நான்கு முடிவுகளை மட்டும் எடுத்துக்கொள்வோம்: பனாமா ஒப்பந்தங்கள், லாரித் தொழில் சட்டம், மத்திய வங்கித் தலைவராகப் பால் வோல்க்கரை நியமித்தது, புரட்சியில் பதவி இழந்த ஈரான் மன்னர் ஷாவை அமெரிக்காவுக்குள் அனுமதித்தது. ஒவ்வொன்றுக்கும் பலகையில் மூன்று கட்டம். அன்று அவருக்கு என்ன தெரிந்திருந்தது? யார் விலை கொடுத்தார்கள்? பலன் யாருக்கு, எப்போது போனது? கையில் தேதி போட்ட காகிதம் ஏதாவது இருந்தால் கொண்டுவாருங்கள் என்றும் சொன்னேன்.

ஒரு வரலாற்றுப் பேராசிரியரை அழைக்கலாம் என்று நூலக ஊழியர் ஒருவர் யோசனை சொன்னார். வேண்டாம் என்றேன். அவர் தீர்ப்புச் சொல்வார், நாங்கள் குறிப்பெடுப்போம். இரண்டு அணியாகப் பிரிந்து வாதாடும் பட்டிமன்ற முறையும் சரிவராது. அரைகுறையாகத் தயங்குகிற ஆளையும் அது ஒரு பக்கம் தள்ளிவிடும்.

ஈரானில் பிறந்த பெண்ணைத் தொலைபேசியில் அழைத்து, ஷா பற்றிய பகுதியை நீங்களே தொடங்கி வைக்க முடியுமா என்று கேட்டேன். "என்னைச் சாட்சிக் கூண்டில் ஏற்றாதீர்கள்" என்றார். அதனால் அதை நானே எடுத்துக்கொண்டேன், கடைசியில் வைத்தேன்.

இடைப்பட்ட நாட்கள்

ஜனவரி 4 அன்று கார்ட்டரின் உடல், பக்கத்து ஊரான அமெரிக்கஸிலிருந்து கிளம்பி பிளெய்ன்ஸ் வழியாகப் போனது. அவர் சிறுவனாக வளர்ந்த பண்ணையில் 39ஆவது அதிபருக்காக மணியை 39 முறை அடித்தார்கள். அட்லாண்டாவில் கார்ட்டர் மையத்தில் இரவும் பகலும் அஞ்சலிக்குத் திறந்து வைத்திருந்தார்கள். தேவாலயத்துப் பெண்மணி நடுச்சாமத்தில் போய் வரிசையில் நின்றுவிட்டு வந்தார்.

9ஆம் தேதி சடங்கை எங்கள் குழுவில் பலர் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். 1976இல் கார்ட்டரிடம் தோற்ற ஜெரால்ட் ஃபோர்டு, அவருக்காக எழுதி வைத்திருந்த நினைவுரையை ஃபோர்டின் மகன் வாசித்தார். ஃபோர்டு 2006இலேயே இறந்துவிட்டவர். இரண்டு பேரில் யார் முதலில் போனாலும் மற்றவர் பேச வேண்டும் என்று பேசி வைத்திருந்தார்களாம். கார்ட்டர் தன் பங்கை 2007இலேயே செய்துவிட்டார். கணக்கர் மறுநாள் எனக்கு ஒரு வரி எழுதினார்: "அதைப் பார்த்த பிறகு கொஞ்சம் குரல் தணிந்து பேசலாம் என்று தோன்றுகிறது."

10ஆம் தேதி அட்லாண்டாவில் பனி கொட்டியது. இந்த ஊரில் இரண்டு அங்குலம் விழுந்தாலே பள்ளிக்கூடம், அலுவலகம், சாலை எல்லாம் அடங்கிவிடும். அமர்வு 18ஆம் தேதிக்குப் போனது. எனக்கு அது வசதியாகவே இருந்தது.

இரண்டாம் அமர்வு: ஜனவரி 18, சனிக்கிழமை

13 பேர் வந்தார்கள். நூலக வாசலில் கொடி அரைக்கம்பத்தில் இருந்தது. 30 நாள் அப்படி இருக்க வேண்டும். ஆனால் இரண்டே நாளில் புதிய அதிபர் பதவியேற்பு, அன்று நாடாளுமன்றக் கட்டடத்தில் மட்டும் கொடியை முழுக்கம்பத்துக்கு ஏற்ற அவைத் தலைவர் உத்தரவு போட்டிருந்தார். உள்ளே நுழையும்போதே இரண்டு பேர் அதைப் பற்றி ஆரம்பித்துவிட்டார்கள். பலகையின் மூலையில் "கொடி" என்று எழுதி, கடைசியில் பேசலாம் என்று தள்ளி வைத்தேன்.

நினைவுகூரல் 20 நிமிடத்தில் முடியவில்லை. 35 ஆனது. நிறுத்த மனம் வரவில்லை.

பனாமா எதிர்பார்த்ததைவிட அமைதியாகப் போனது. ஒப்பந்தங்கள் 1977இல் கையெழுத்தாகி, 1978இல் செனட்டில் 68க்கு 32 என்று தேறின. 67 வாக்கு தேவை, கிடைத்தது 68. ஆதரித்த செனட்டர்கள் பலர் அடுத்த தேர்தல்களில் பதவி இழந்தார்கள். கால்வாய் முழுதாகக் கைமாறியது 1999 டிசம்பர் 31 அன்று. "தானம் கொடுத்துவிட்டார்" என்று ஒருவர் சொன்னதும், வியட்நாமில் போரிட்டவர் அதை மறுத்தார். 1964இல் கால்வாய்ப் பகுதியில் எந்தக் கொடியை ஏற்றுவது என்பதில் தொடங்கிய கலவரத்தில் இரு பக்கமும் ஆட்கள் செத்தார்கள், இன்னொரு காட்டில் இன்னொரு போருக்குப் பிள்ளைகளை அனுப்பாமல் தப்பினோம், படைத் தளபதிகளே ஒப்பந்தத்தை ஆதரித்தார்கள் என்றார். கொடி என்றதும் எல்லோர் கண்ணும் பலகையின் மூலைக்குப் போய்விட்டுத் திரும்பின.

லாரிச் சட்டம் சீக்கிரம் முடிந்தது. எந்தத் தடத்தில் யார் ஓட்டலாம், என்ன கட்டணம் என்பதையெல்லாம் அதுவரை கூட்டாட்சி ஆணையம் ஒன்று கட்டுப்படுத்தி வந்தது. 1980 ஜூலையில் அந்தப் பிடியைத் தளர்த்தினார்கள். 1978இல் விமானத் துறைக்கும் இதையே செய்தார்கள். இவையெல்லாம் ரீகன் செய்தவை என்றே அறையில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். "யார் விலை கொடுத்தார்கள்" என்ற கட்டத்தைக் காட்டி ஓட்டுநர், "என் பெயரைப் போடுங்க" என்றார். பலன் யாருக்கு என்று கேட்டேன். சிரித்துவிட்டார். "கடைக்குப் போன எல்லோருக்கும். நானும் கடைக்குப் போகிறவன்தானே."

அப்புறம் வோல்க்கர்.

கணக்கர் ஒரு பழுப்பு உறையைக் கொண்டுவந்திருந்தார். உள்ளே அவருடைய வீட்டுக் கடன் பத்திரம். பழசாகி மடிப்புகளில் கிழியத் தொடங்கிய காகிதம். முனையில் குத்தியிருந்த பின் துருப்பிடித்து, அதன் வடிவம் முதல் பக்கத்தில் அச்சாகியிருந்தது. விரலால் வரியைத் தொட்டுக் காட்டி "18.5 சதவீதம்" என்று படித்தார். யாரோ விசிலடித்தார்கள். பக்கத்தில் இருந்த மாணவர் எட்டிப் பார்த்து, வட்டியைப் பார்க்காமல் மேலே இருந்த தேதியைப் படித்தார்: 1981 அக்டோபர்.

ரீகன் பதவியேற்று ஒன்பது மாதம் ஆன தேதி அது.

கணக்கர் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. மறுபடி முன்பக்கம் திருப்பினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "நாற்பத்து மூணு வருஷமா நான் தப்பான ஆளைத் திட்டிக்கொண்டிருந்தேனா?" என்றார்.

பலர் சிரித்தார்கள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் தேவாலயத்துப் பெண்மணி குறுக்கிட்டார். "முழுசாத் தப்பில்லை. வோல்க்கரைக் கொண்டுவந்தது கார்ட்டர்தான், 1979 ஆகஸ்டில். வட்டியை ஏற்றியது வோல்க்கர். உங்கள் கோபம் பாதியாவது சரியான விலாசத்துக்குத்தான் போயிருக்கிறது." இரண்டு வாரத்துக்கு முன் அவரைப் பேசவே விடாதவர், இப்போது அவருடைய கோபத்துக்கு வக்காலத்து வாங்கினார்.

அங்கிருந்து பேச்சு நன்றாக விரிந்தது. 1980இல் விலைவாசி 13.5 சதவீதம் ஏறியது, ஈரான் புரட்சிக்குப் பிறகு எண்ணெய் விலை எகிறியது, இவை கார்ட்டர் காலத்துச் சுமை. வட்டியை ஏற்றிப் பணவீக்கத்தை அடக்கும் கசப்பு மருந்தைத் தேர்தல் ஆண்டுக்கு முன்பே அனுமதித்ததும் அவர்தான். வீட்டுக் கடன் வட்டி உச்சிக்குப் போனது 1981இல். வேலையின்மை 10.8 சதவீதம் ஆனது 1982 இறுதியில். 1983இல் விலைவாசி ஏற்றம் 3.2 சதவீதமாக இறங்கியது. 1984இல் ரீகன் 49 மாநிலங்களை அள்ளினார். பழி யாருக்கு, புகழ் யாருக்கு என்று மூன்றாம் கட்டத்தில் எழுத இடம் போதவில்லை. பக்கத்துக் கட்டத்திலும் எழுதினோம்.

இதற்கே 40 நிமிடம் ஆகிவிட்டது. ஷாவுக்கு மிஞ்சியது 12 நிமிடம்.

வேகமாகச் சொன்னேன். நாட்டைவிட்டு வெளியேறிய ஷாவை உள்ளே விடக் கார்ட்டர் முதலில் தயங்கினார். முன்னாள் வெளியுறவு அமைச்சர் கிஸிங்கர், வங்கியாளர் டேவிட் ராக்ஃபெல்லர் போன்றவர்கள் நெருக்கினார்கள். புற்றுநோய் சிகிச்சை என்ற காரணத்தில் ஒத்துக்கொண்டார். 1979 அக்டோபர் 22 அன்று ஷா நியூயார்க் வந்தார். நவம்பர் 4 அன்று தெஹ்ரான் தூதரகம் பிடிபட்டது. 444 நாள். கைதிகள் விடுதலையானது ரீகன் பதவியேற்ற சில நிமிடங்களில். விலை கொடுத்தவர்கள் கட்டத்தில் 52 என்றும் 8 என்றும் எழுதினேன்.

ஈரானில் பிறந்த பெண் எழுந்து வந்து என் கையிலிருந்த பேனாவை வாங்கினார். அவர் எழுதியது இரண்டாம் கட்டத்தில் அல்ல, முதல் கட்டத்தில். "அன்று என்ன தெரிந்திருந்தது" என்பதற்குக் கீழே 1953 என்று போட்டார். ஈரான் பிரதமர் மொசாதெக்கைக் கவிழ்த்து ஷாவின் பிடியை அமெரிக்கா உறுதிப்படுத்திய வருடம். அதன் கீழே 1977 டிசம்பர் 31. தெஹ்ரானில் புத்தாண்டு விருந்தில், ஷாவின் தலைமையில் ஈரான் நிலைத்தன்மையின் தீவு என்று கார்ட்டர் புகழ்ந்த இரவு. "இதெல்லாமும் தெரிந்திருந்ததுதான்" என்றார். போய் உட்கார்ந்துகொண்டார்.

நூலகம் மூடும் மணி அடித்தது.

பின்விளைவுகள்

வாக்கெடுப்பு எதுவும் நடத்தவில்லை. கணக்கர் தன் பத்திரத்தின் நகல் ஒன்றை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டு, "அடுத்த முறை யாராவது அடித்துப் பேசினால் காட்டுங்க" என்றார். அவர் கருத்து மாறிவிட்டதாகச் சொல்ல முடியாது. கார்ட்டர் பலவீனமான அதிபர் என்றே இன்னமும் சொல்கிறார். ஆனால் தேதியோடு சொல்கிறார்.

வியட்நாமில் போரிட்டவர் வாசலில் என்னிடம், "எனக்கு முக்கியமானது உங்கள் பட்டியலில் இல்லை" என்றார். பொதுமன்னிப்பைச் சொல்கிறார். அவர் சொன்னது சரி. நான்கு முடிவுகளையும் நானே தேர்ந்தெடுத்தேன், மன்னிப்பு பிடிவாதமான சண்டையில் முடியும் என்று பயந்து விட்டுவிட்டேன். அடுத்த இரண்டு அமர்வுகளுக்கு அவர் வரவில்லை. மூன்றாவதற்கு வந்தார், அதைப் பற்றி எதுவும் பேசவில்லை.

கொடி விஷயத்துக்கு நாங்கள் திரும்பவே இல்லை.

மறுபடி நடத்தினால்

நினைவுகூரலை வேறு நாளில் வைப்பேன். ஒரே நாளில் இரண்டும் என்றால் ஒன்று மற்றதன் நேரத்தைத் தின்றுவிடும்.

எந்த முடிவுகளைப் பேசுவது என்பதை வருபவர்களே சீட்டில் எழுதிப் போடட்டும். சிக்கலானதைக் கடைசிக்குத் தள்ள மாட்டேன். ஷாவைக் கடைசியில் வைத்தது அந்தப் பெண்ணின் சங்கடத்தைக் கருதி என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சங்கடம் என்னுடையது. "யார் விலை கொடுத்தார்கள்" என்ற கட்டத்தை நாட்டுக்கு வெளியே இருந்து நிரப்பத் தொடங்க வேண்டும். உள்ளே இருப்பவர்களின் பெயர்கள் எப்படியும் தானாக வந்துவிடும்.

இதை எழுதுவதற்காக 2018 புஷ் அமர்வின் குறிப்புகளை எடுத்துப் பார்த்தேன். நான்கு பக்கம். பதவியிலிருந்து இறங்குவதற்கு ஒரு மாதம் முன்பு, 1992 டிசம்பர் 24 அன்று, ஈரான்–கான்ட்ரா விவகாரத்தில் (ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்று, அந்தப் பணத்தை நிகராகுவா கிளர்ச்சியாளர்களுக்குத் திருப்பிய ஊழல்) சிக்கிய ஆறு பேருக்கு அவர் கொடுத்த மன்னிப்பு அதில் ஓர் இடத்திலும் இல்லை. அதை நல்ல அமர்வு என்று ஆறு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

1953 பற்றித் தனியாக ஓர் அமர்வு வைக்கலாமா என்று ஈரானில் பிறந்த பெண்ணிடம் பிறகு கேட்டேன். இந்த முறை சரி என்றார். தானே தயார் செய்வதாகவும் சொன்னார். ஒரே நிபந்தனை, நான் கார்ட்டர்புரிக் கதையோடு ஆரம்பிக்கக் கூடாது.